காலையில் மட்டும் பிடிக்காத பழைய பிக்கப்: பேட்டரி மாற்றியும் தீரவில்லை, பம்பைக் கழற்றலாமா?

டைல்ஸ் வண்டி
ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் ஏற்றிச் செல்வதற்காக 2003-ஆம் ஆண்டு பதிவான டீசல் பிக்கப் ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ரோட்டரி வகைப் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது என்ற அளவு போதும் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதங்களாக, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வண்டி எளிதில் பிடிப்பதில்லை. முன்பு சாவியைத் திருப்பி இரண்டு விநாடியில் பிடித்த எஞ்சின், இப்போது விட்டுவிட்டு அடித்தும் மொத்தமாக முப்பது விநாடி செல்ஃப் வாங்குகிறது. பிடித்த பிறகும் ஒரு நிமிடம் தடுமாறி, அதன்பின் ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடுகிறது. பகலில் எங்கே நிறுத்தி எடுத்தாலும் தொந்தரவு இல்லை.

முதலில் பேட்டரியை மாற்றினேன். முதல் மூன்று நாள் கொஞ்சம் சீக்கிரம் பிடித்ததுபோல் தோன்றியது, பிறகு பழைய கதைதான். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினோம். இப்போது மெக்கானிக் பம்பை இறக்கி காலிபிரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்க்க, அனுப்ப வேண்டும் என்கிறார். கல்யாண வேலை நடக்கும் ஒரு பழைய வீட்டுக்குக் கானாடுகாத்தானில் முற்றம் முழுவதும் கல் இறக்க வேண்டியிருப்பதால், வண்டியை ஒரு வாரம் பட்டறையில் விட இயலாத நிலை. பம்பில் கைவைக்கும் முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தேவகோட்டை ரஸ்தா
ஞாயிறு, இரவு 9.48

அண்ணே, இருபது வருட வண்டிக்குப் பம்ப் போவது இயல்புதான், தயங்காமல் இறக்குங்கள். அதுவரை சமாளிக்க, ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டிச் செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும். நான் ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் ஓட்டினேன்.

பழைய பட்டறை
ஞாயிறு, இரவு 11.05

பெட்ரோல் துணி வேண்டாம் தம்பி. டீசல் எஞ்சினில் எந்த நொடியில் எரிய வேண்டும் என்பதை இன்ஜெக்‌ஷன் நேரம்தான் தீர்மானிக்கிறது. காற்றோடு கலந்து வரும் பெட்ரோலோ ஸ்பிரேயோ அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல், பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே வெடித்து அதைக் கீழே தள்ளப் பார்க்கும். ரிங் உடைந்தும் பிஸ்டன் பள்ளம் நொறுங்கியும் வந்த எஞ்சின்களை நான் இறக்கியிருக்கிறேன். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியாக இருந்தால் தீயே பிடிக்கலாம். ஒரு மழைக்காலம் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அது அந்த எஞ்சினின் பொறுமை.

டைல்ஸ் வண்டி நண்பருக்கு: நீங்கள் எழுதியதில் நல்ல குறிப்பு ஒன்று இருக்கிறது, அதை நீங்களே கவனிக்கவில்லை. பகலில் எத்தனை முறை நிறுத்தினாலும் உடனே பிடிக்கிறது, இரவு முழுவதும் நின்றால் மட்டும் மறுக்கிறது. பம்பின் தலைப்பகுதியான ஹெட் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, எஞ்சின் நன்றாகச் சூடேறி டீசல் நீர்த்திருக்கும் நேரத்தில்தான் அடம்பிடிக்கும். ஆகவே பம்பைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். செல்ஃப் அடிக்கும் அந்த முப்பது விநாடியில் சைலன்சரிலிருந்து புகை வருகிறதா? வந்தால் தொடக்கத்திலிருந்தே வருகிறதா, பிடிக்கும் தறுவாயில்தான் வருகிறதா? எஞ்சின் சுற்றும் வேகம் பழைய வேகம்தானா, இல்லை களைத்துப்போன ஆள் மூட்டை தூக்குவதுபோல் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? டேங்கில் டீசல் நிறைய இருக்கும் நாளுக்கும் குறைவாக இருக்கும் நாளுக்கும் வேறுபாடு தெரிகிறதா? இரவில் வண்டி எங்கே, எப்படி நிற்கிறது?

புகையைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் சில சுற்றிலேயே வெள்ளைப் புகை கிளம்பினால், டீசல் சிலிண்டருக்குள் போய்விட்டது, எரியத்தான் மறுக்கிறது என்று பொருள். அப்போது கம்ப்ரஷன் (காற்று அமுங்கும் அளவு), நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை), டைமிங் (தெளிக்கும் நேரம்), ஹீட்டர் பிளக் என்ற பக்கம் போக வேண்டும். புகையே இல்லாமல் வெறுமனே சுற்றினால் டீசல் அங்கே போகவே இல்லை. இரண்டும் வேறு வேறு தேடல், ஒன்றைத் தேட வேண்டிய இடத்தில் மற்றொன்றுக்குப் பணம் செலவழிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

மின்கம்பி
திங்கள், காலை 6.30

பட்டறை ஐயா டீசல் பக்கத்தைப் பார்க்கட்டும், நான் கரண்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். காரைக்குடியில் வண்டி வயரிங் வேலை செய்கிறேன். மின்வேதியியலுக்கென்றே 1953-இல் செக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்ட ஊர் இது. ஆனால் இந்த ஊரில் பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையைத் துடைக்கத்தான் ஆள் இல்லை.

புதுப் பேட்டரி போட்டதும் மூன்று நாள் நன்றாக இருந்தது என்ற வரியைப் படித்ததும் எனக்கு வயர் மேல்தான் சந்தேகம் வந்தது. நல்ல பேட்டரி, பாதையில் இருக்கும் தடையைச் சில நாள் மறைத்துக் காட்டும். உங்களிடம் மல்டிமீட்டர் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். முதலில் பம்பின் தலையில் உள்ள டீசல் கட்-ஆஃப் சோலினாய்டின் (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வின்) வயரை எடுத்து விடுங்கள், அப்போது எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது மற்றவர் அளக்க வேண்டும். பேட்டரியின் இரு டெர்மினல்களுக்கு இடையே முதலில் பாருங்கள். பத்து வோல்ட்டை ஒட்டி நின்றால் பேட்டரி நலம். பிறகு பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாகப் பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்கில் துரு இல்லாத ஓர் இடத்துக்கும் இடையே வையுங்கள். 0.2 அல்லது 0.3-க்கு மேல் காட்டினால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, சரியில்லை.

டீசல் வண்டியின் செல்ஃப் சாதாரணமாகவே 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். 300 ஆம்பியர் போகும் பாதையில் ஒரு வோல்ட் நின்றுவிட்டால் 300 வாட் வழியிலேயே சூடாக வீணாகிறது. வெறும் கண்ணால் பார்த்தால் வயர் நன்றாகத்தான் தெரியும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், அடித்தபின் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். புது பிரஷ் போட்ட மோட்டாரைக் கருக்கிவிட வேண்டாம்.

டைல்ஸ் வண்டி
திங்கள், இரவு 8.20

ஐயாவுக்கும் மின்கம்பி அண்ணனுக்கும் நன்றி. என் தம்பியைச் சாவியில் உட்கார வைத்துவிட்டு அளந்தேன்.

சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6. செல்ஃப் அடிக்கும்போது 10.4. பாசிட்டிவ் பாதையில் 0.4 மட்டுமே. ஆனால் எர்த் பாதையில் 1.3 வோல்ட். அதாவது செல்ஃப் மோட்டாருக்கு உண்மையில் கிடைத்தது 8.7 தான். கீழே படுத்துப் பார்த்தபோது, கியர் பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் பட்டையின் ஒரு முனை, எப்போதோ அடித்த பெயின்ட்டின் மேலேயே போல்ட் வைத்து முறுக்கப்பட்டிருந்தது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவில் நம் ஊர்ச் செம்மண் சிமென்ட் போல இறுகி உட்கார்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது எர்த் பாதையில் 0.15. செல்ஃப் மோட்டாருக்கு 9.7 கிடைக்கிறது.

எஞ்சின் சுற்றும் வேகம் கூடியிருப்பது காதாலேயே தெரிகிறது. ஆனால் இன்று காலை ஸ்டார்ட் செய்தது இந்த வேலைக்கு முன் என்பதால், இதனால் நோய் தீருமா என்பது நாளை விடியலில்தான் தெரியும்.

ஐயா கேட்டவற்றுக்குப் பதில்: இன்று காலை தம்பியைச் சைலன்சர் பக்கம் நிறுத்தினேன். கிட்டத்தட்ட இருபத்தைந்து விநாடி புகையே இல்லை, பிறகு குப்பென்று வெள்ளையாக ஒரு புகை, உடனே பிடித்தது. டேங்க் அளவால் வேறுபாடு தெரியவில்லை. இரவில் வண்டி நிற்பது, நான் சரக்கு வைத்திருக்கும் ஒரு பழைய வளவு வீட்டின் பின்கட்டு வாசலில். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், வழக்கமான செட்டிநாட்டு அமைப்புதான். பின்வாசல் தெருவைவிட உயரத்தில் இருப்பதால் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க வண்டியை அந்தச் சாய்தளத்தில் முகம் மேலே பார்க்க ஏற்றி நிறுத்துகிறேன்.

பழைய பட்டறை
திங்கள், இரவு 10.15

பாதி விடை வந்துவிட்டது. நாளை இரவு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அதே சாய்தளத்தில் வண்டியைத் திருப்பி, முகம் கீழே பார்க்க நிறுத்துங்கள். கல் வைத்து மறக்காமல் அணை கொடுங்கள். மறுநாள் காலை எத்தனை விநாடியில் பிடிக்கிறது என்று சொல்லுங்கள்.

நாளைக் காலையிலேயே இன்னொன்றும் பார்க்கலாம். சாவியைத் தொடுவதற்கு முன் பானட்டைத் திறந்து, ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். முதல் அமுக்கிலேயே கல் போல இறுகினால் லைனில், அதாவது டேங்கிலிருந்து வரும் குழாயில், டீசல் நிறைந்திருக்கிறது. தொளதொளவென்று போய் இருபது முப்பது அமுக்குக்குப் பிறகு இறுகினால், இரவில் லைன் காலியாகி டீசல் டேங்குக்கே திரும்பிவிட்டது.

பள்ளத்தூர்ப் பலகாரம்
செவ்வாய், காலை 10.40

இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் சீப்புச் சீடையும் மணகோலமும் செய்து புதுக்கோட்டை வரை கடைகளுக்கு அனுப்புகிறேன், எங்களிடமும் இதே காலத்து வண்டி ஒன்று இருக்கிறது. ஐயா எழுதிய நேர்மாறான நோய் எங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்துகிறது. காலையில் உடனே பிடிக்கும். திருமயம் தாண்டி ஒரு கடையில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் எடுக்கப் போனால், எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. முக்கால் மணி நேரம் ஆற விட்டால் பிடிக்கும். டிரைவர் தம்பி செல்ஃப் மோட்டார்தான் என்கிறார். அதை எப்படி உறுதி செய்வது?

பழைய பட்டறை
செவ்வாய், பகல் 1.30

ஆச்சி, சூட்டில் மறுக்கும் வண்டிக்கு இரண்டு வழக்கமான காரணங்கள் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் இல்லை. சூட்டில் செல்ஃப் மோட்டாரே இழுக்கவில்லை என்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், காதுக்கு அது தெரியும். டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றாவது சுற்றினால்தான், அமுக்கப்படும் காற்று டீசல் பற்றும் அளவுக்குச் சூடேறும். அந்த வேகம் குறையாமல் நன்றாகச் சுற்றி, புகையும் வராமல், பிடிக்கவும் இல்லை என்றால் செல்ஃப் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்த முறை வழியில் நின்றால், டிரைவரிடம் ஒரு பழைய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பம்பின் பின்பகுதியில், நான்கு இரும்புக் குழாய்களும் கிளம்பும் ஹெட்டின் மேல் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது, கொதிக்கும் பம்பில் திடீரென்று குளிர் பட்டால் உள்ளே சுழலும் ரோட்டர் கவ்விக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போதும் செய்யக் கூடாது. துணி சுற்றியபின் பிடித்துவிட்டால், ஹெட்டுக்கும் ரோட்டருக்கும் இடையே தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சூட்டில் நீர்த்துப்போன டீசல் அந்த இடைவெளி வழியே உள்ளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது, நாசிலைத் திறக்கும் அழுத்தம் செல்ஃப் வேகத்தில் வருவதில்லை. ஓடும்போது பம்ப் வேகமாகச் சுற்றுவதால் குறை தெரியாது.

புதுவயல் மில்
செவ்வாய், மாலை 5.15

ஆச்சி வண்டியைப் படித்ததும் எங்கள் அரிசி மில் வண்டி நினைவுக்கு வந்தது. அது செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்வரை பிடிக்காது, அலுத்துப்போய்ச் சாவியை விட்டவுடன், எஞ்சின் நிற்கப்போகும் அந்தக் கடைசிச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மெக்கானிக்குகள் நாசிலை மாற்றினார்கள். மூன்றாவதாக வந்த பையன், சாவி செல்ஃப் இடத்தில் இருக்கும்போது கட்-ஆஃப் சோலினாய்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்தான். ஐந்துகூட வரவில்லை. சாவியை விட்டதும் பன்னிரண்டு. ஸ்விட்சின் உள்ளே ஒரு தகடு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். இப்படி ஒரு நோயும் உண்டு என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா
செவ்வாய், இரவு 9.05

எனக்கு ஒரு சந்தேகம். 2020-க்குப் பிறகு வந்த புது டீசல்தான் பழைய பம்புகளைக் கெடுக்கிறது என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, லைன், ஏர் என்று சுற்றிக்கொண்டிருப்பானேன்?

பழைய பட்டறை
செவ்வாய், இரவு 10.30

ஸ்டாண்டில் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பது பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் ஆறாம் கட்ட) டீசல். அதில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு முந்தைய பி.எஸ். 4-இல் 50 வரை இருக்கலாம். கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வேறு சில குணங்களும் மாறுகின்றன. பழைய டீசலில் பல ஆண்டு ஊறிப் பருத்திருந்த ரப்பர் சீல்கள், புது டீசலில் சற்றுச் சுருங்கி ஒழுகத் தொடங்குவது உண்டு. ஆனால் அதற்கு 2020-லேயே ஒழுக வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய நோய்க்கு அத்தனை ஆண்டுக்கு முந்தைய மாற்றத்தைக் காரணமாகச் சொல்வது, எப்போதோ பக்கத்து வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டதை இன்றைய வயிற்று வலிக்குக் காரணமாகச் சொல்வது போல. அதோடு, பம்பின் சீல் போனால் பம்பின் உடம்பிலோ அடியிலோ ஈரம் தெரியும். இவர் அப்படி எதுவும் எழுதவில்லை.

டைல்ஸ் வண்டி
புதன், காலை 7.10

இரண்டு காலைகளின் கணக்கையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை, வண்டி வழக்கம்போல முகம் மேலே பார்க்க நின்றது. கைப்பம்பை அமுக்கினேன், காற்றை அமுக்குவதுபோலத்தான் இருந்தது. முப்பத்து நான்காவது அமுக்கில் இறுகியது. சாவியைத் திருப்பினேன், இரண்டாவது விநாடியில் பிடித்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாக வண்டி அப்படிப் பிடித்ததைக் கேட்டு என் தம்பி சிரித்துவிட்டான்.

இன்று காலை முகம் கீழே பார்க்க நின்றது. கைப்பம்பைத் தொடவே இல்லை. மூன்று விநாடியில் பிடித்தது, தடுமாற்றமும் இல்லை.

ஆக, டீசல் இரவில் திரும்பி ஓடுகிறது என்பது எனக்கே விளங்கிவிட்டது. ஆனால் எந்த இடத்திலும் ஒழுகல் இல்லையே ஐயா? சேசிஸுக்குக் கீழே விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன், எல்லா இடமும் தூசியோடு காய்ந்துதான் இருக்கிறது.

பழைய பட்டறை
புதன், காலை 11.20

காய்ந்துதான் இருக்கும். உங்கள் வண்டியில் டேங்கிலிருந்து டீசலை அனுப்பத் தனியாக ஃபீட் பம்ப் கிடையாது, ரோட்டரி பம்புக்குள் இருக்கும் சின்ன வேன் (சுழலும் தகடு) பம்புதான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பாதை முழுவதும் உறிஞ்சும் பாதை. அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகலைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இளநீரில் போட்ட குழலை, மேல்வாயை விரலால் அழுத்திக்கொண்டு தூக்கினால் உள்ளே இருப்பது கீழே விழாது. விரலை எடுத்தால் விழும். லைனில் காற்று நுழைய வழியில்லை என்றால், டேங்க் எவ்வளவு தாழ்வில் இருந்தாலும் டீசல் அப்படியே நிற்கும். ஆகவே எங்கோ விரல் எடுக்கப்பட்டிருக்கிறது. ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பின் ஒருவழி வால்வும் சரியாக உட்காரவில்லை, உட்கார்ந்திருந்தால் ஃபில்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதாவது தங்கியிருக்கும். ஆக உங்களுக்குக் குறை ஒன்றல்ல, இரண்டு.

முதலில் பம்பை வழக்கிலிருந்து விடுவிப்போம், அப்போதுதான் உங்கள் மெக்கானிக்கும் சமாதானம் ஆவார். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் எடுத்து, பானட்டுக்கு அடியில் பம்பைவிட உயரமாக, சைலன்சர் குழாய்க்குத் தள்ளி, அசையாமல் கட்டுங்கள். கேனிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராகப் பம்பின் உள்வாய்க்குக் கொடுங்கள். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள், இல்லையேல் அது டேங்குக்குப் போய்க் கேன் காலியாகிவிடும். லைனில் உள்ள காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்து, அந்த இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். கேனோடு வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது. இரவு முகம் மேலே பார்க்கவே நிற்கட்டும். காலையில் உடனே பிடித்தால் பம்பும் நாசிலும் கம்ப்ரஷனும் குற்றமற்றவை.

அடுத்த இரவு, கேனை வண்டியின் சரக்கு ஏற்றும் பாடியில் உயரமாக வைத்து, டேங்கிலிருந்து வரும் குழாயை டேங்க் முனையில் கழற்றி அங்கே கேனை இணையுங்கள். ரிட்டர்ன் ஹோஸைப் பழையபடி மாட்டிவிடுங்கள், அன்று எஞ்சினை ஓட்டப் போவதில்லை. இப்போது உறிஞ்சும் பாதை முழுவதும் மேலிருந்து அழுத்தம் பெறும். காற்று உள்ளே போன அதே ஓட்டை வழியாக டீசல் வெளியே வந்தாக வேண்டும். அடியில் நீளத்துக்குப் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். தண்ணீர்க் குழாய்க்காரர் செய்வதுபோல ஓடும் வண்டியில் ஹோஸ் ஹோஸாகப் பிடித்துப் பார்ப்பதைவிட, இதில் ஓர் இரவு போகும், ஆனால் ஏமாற்றம் இருக்காது.

மின்கம்பி
புதன், பகல் 12.05

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேன் கட்டும் வேலை நடக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மாட்டுங்கள். பானட்டுக்குள் திறந்த டீசலும் தீப்பொறியும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

பள்ளத்தூர்ப் பலகாரம்
வியாழன், இரவு 7.50

இன்று திருமயத்தில் வண்டி நின்றது. பலகாரம் மூடிக் கொண்டுபோகும் துண்டையே நனைத்துப் பம்ப் ஹெட்டில் சுற்றச் சொல்லி ஃபோனில் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து, இரண்டாவது முயற்சியில் பிடித்துவிட்டது. சந்தேகம் தீர வேண்டும் என்று டிரைவர் தம்பி அடுத்த கடையில் துணி சுற்றாமல் முயன்று பார்த்திருக்கிறார், பிடிக்கவில்லை, மறுபடி துணி சுற்றியதும் பிடித்திருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன், நிறுத்திவிட்டேன். பம்பைக் காலிபிரேஷனுக்கு அனுப்பும்போது நான் கேட்க வேண்டியது எது ஐயா?

பழைய பட்டறை
வியாழன், இரவு 9.15

ஆச்சி, ஹெட்டையும் ரோட்டரையும் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள், தனித்தனியாக மாற்றும் பொருள் அல்ல அது. பழைய ஜோடியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் செல்ஃப் வேகத்தில் எவ்வளவு டீசல் கொடுக்கிறது என்பதை உங்கள் டிரைவர் முன்னால் காட்டச் சொல்லுங்கள். அதிக வேகத்தில் மட்டும் காட்டிவிட்டுச் சரி என்பார்கள், உங்கள் நோய் குறைந்த வேகத்தில்தான் இருக்கிறது. பம்பை மறுபடி பொருத்தும்போது டைமிங் குறியைக் கண்மதிப்பில் வைக்காமல் டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் பம்புக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே ஓர் உளிக் கோடு போட்டு வைப்பது நல்லது.

டைல்ஸ் வண்டி
சனி, காலை 8.35

கேன் சோதனை முடிந்தது. வியாழக்கிழமை காலை, பானட்டுக்குள் கேன் கட்டிய நிலையில், முகம் மேலே பார்க்க நின்ற வண்டி இரண்டு விநாடியில் பிடித்தது. நான் அழைத்திருந்த மெக்கானிக்கும் அருகில் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஆனால் பம்பைப் பற்றி அதன்பின் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளி இரவு கேனைப் பாடிக்கு மாற்றி, அடியில் தாள் விரித்தேன். இன்று விடியற்காலை டார்ச்சோடு குனிந்தபோது, தாள் முழுவதும் காய்ந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. சேசிஸில் ஓடும் இரும்புக் குழாய் முடிந்து ஃபில்டருக்கு ஏறும் ரப்பர் ஹோஸ் தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை. ஹோஸை வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிளிப்பைத் தளர்த்தி உருவியபோதுதான் தெரிந்தது: கிளிப்புக்கு அடியில், முனையிலிருந்து சுண்டுவிரல் அகலத்தில், ரப்பர் வட்டமாகப் பிளவு விட்டிருந்தது. வளைத்தால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உட்புறம் ஊறி வழவழவென்று, நகத்தால் சுரண்டினால் கறுப்பு மையாக வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் வேறு ஒரு வேலையின்போது அவசரத்தில் போட்ட ஹோஸ் அது, டீசலுக்கான ஹோஸ் இல்லை என்பதை அதன் மேல் எழுத்து எதுவும் இல்லாததிலிருந்தே நான் கவனித்திருக்க வேண்டும்.

கைப்பம்பையும் கழற்றினோம். வால்வு உட்காரும் இடத்தில் கறுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதே ஹோஸிலிருந்து உதிர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஐயா குறை இரண்டு என்றீர்கள், இரண்டாவது முதலாவதன் பிள்ளை போலிருக்கிறது. புது டீசல் ஹோஸ், புது கிளிப், கைப்பம்புக்குப் புது வால்வு, ஃபில்டர், குழாயை இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் இணைப்புக்கு இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட்டாயிற்று. மொத்தச் செலவு நான் பேட்டரிக்குக் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

தேவகோட்டை ரஸ்தா
சனி, காலை 9.20

அண்ணே, அந்தப் பிளந்த ஹோஸைத் தூக்கி எறியாதீர்கள், எங்கள் ஸ்டாண்டில் காட்ட வேண்டும். என் வண்டியிலும் எழுத்து இல்லாத ஹோஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய பட்டறை
சனி, காலை 10.45

மகிழ்ச்சி. இன்று இரவும் முகம் மேலே பார்க்கவே நிறுத்துங்கள், காலையில் கைப்பம்பைத் தொடாமல் எடுங்கள். ஹோஸ் துணுக்கு வால்வு வரை வந்திருக்கிறது என்றால் இன்னும் சில துகள் லைனில் இருக்கும், ஆகவே பத்து நாளில் ஃபில்டர் கிண்ணத்தின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் கறுப்பு தங்கினால் இன்னொரு ஃபில்டர் போடுங்கள். புது ரப்பர் சூட்டில் சற்று அமுங்கும், ஒரு வாரம் கழித்துக் கிளிப்பைக் கால் சுற்று முறுக்கி வையுங்கள்.

டைல்ஸ் வண்டி
ஞாயிறு, காலை 6.05

முகம் மேலே. கைப்பம்பைத் தொடவில்லை. இரண்டு விநாடி. கானாடுகாத்தானுக்கு முதல் லோடு கிளம்பிவிட்டது.